திருகோணமலைத் துறைமுகமும் தரச் சான்றிதழ்களும்: ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் கோட்டை கொத்தளங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1620களில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியமை, 1639இல் அது ஒல்லாந்தர் வசமானமை, 1782இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓராண்டுக்குள் ஒருவர்பின் ஒருவராக அதனைக் கைப்பற்றியமை, 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தமை, 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியமை, 1957இல் பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டமை ஆகியன யாவரும் அறிந்த செய்திகள். ஆயின் அதே துறைமுகத்தினூடாக மக்கள் உண்ணும் மாவுக்கான கோதுமையும், வீடு கட்டும் சீமெந்துக்கான மூலப்பொருளும், வாகனங்களுக்கான எரிபொருளும் வந்திறங்குகின்றன. அதன் ஒரு கோடியிலுள்ள கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாட் கலங்கள் ஆழ்கடலுக்குச் செல்கின்றன. இப்பொருள்கள் ஒவ்வொன்றும் ஏதோவொரு சான்றிதழுடனேயே கரை சேர்கின்றன. அல்லது கரையை விட்டு அகல்கின்றன. அச்சான்றிதழ்களின் வரலாறு இதுவரை போதிய கவனத்தைப் பெறவில்லை.

பிறநாட்டார் நடத்தும் பொருட்பரிசோதனைகளையும் சான்றளிப்பு முறைகளையும் ஒரு சிறிய நாட்டின் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட வினா. பிறநாட்டுச் சான்றிதழ் ஒரு சாட்சியம் மட்டுமே. தீர்ப்பு வழங்கவேண்டியவர் உள்நாட்டு அதிகாரியே என்பது நமது கருத்து. சாட்சியத்தை வினவும் வலுவும், வேண்டியபோது தாமே சோதிக்கும் வலுவும், பொருளை மறுத்துத் திருப்பியனுப்பும் வலுவும் உள்ள நிறுவனத்துக்கே சான்றிதழ் பயன்படும். இம்மூன்றும் இல்லாவிடத்து அது வணிகரின் கையிலுள்ள கருவியாகவே முடியும். திருகோணமலைத் துறைமுகத்தோடு தொடர்புடைய சில நிகழ்வுகளைக் கொண்டு இக்கருத்தை நிறுவ முயல்வோம்.

முத்திரையும் கப்பலும்

துறைமுகத்தில் பொருளுக்கு முத்திரையிடும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் ஏற்றுமதி இறக்குமதிப் பொதிகள்மீது சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அது சுங்க முத்திரையேயன்றித் தர முத்திரையன்று. எனினும் முத்திரையிட்டவரும் அதற்குப் பொறுப்பேற்றவரும் ஒரே இடத்தில், ஒரே அதிகாரத்தின்கீழ் இருந்தனர் என்பது கருதற்பாலது. இக்காலத் தரச் சான்றிதழில் இவ்விணைப்பு அறுந்துவிட்டது. சான்றளிப்பவர் ஒரு நாட்டில் இருக்கின்றார். பொருளைப் பயன்படுத்துபவர் வேறொரு நாட்டில் இருக்கின்றார். சான்றுக்கான கட்டணத்தைச் செலுத்துபவரோ பெரும்பாலும் பொருளை விற்பவராக இருக்கின்றார்.

இம்மாற்றத்தை முதலிற் கண்டது கப்பற்றொழிலேயாகும். இலண்டனில் எட்வேட் லொயிட்டின் கோப்பிக் கடையிற் கூடிய வணிகரும் காப்புறுதியாளரும் கப்பல்களின் நிலைமையைத் தரப்படுத்திப் பதிவு செய்வதற்காக 1760இல் அமைத்த சங்கமே பின்னர் லொயிட்ஸ் பதிவகமாக வளர்ந்தது. தாம் ஏறாத கப்பலைப் பற்றி மற்றொருவரின் கணிப்பை நம்பிப் பணம் இடுவதற்கு அப்பதிவேடு உதவிற்று. அது பணத்தைக் காத்த அளவுக்கு மாலுமிகளின் உயிரைக் காக்கவில்லை. அளவுக்கு மீறிப் பாரமேற்றிய கப்பல்கள் மூழ்கிய அவலத்தை எதிர்த்துச் சாமுவேல் பிளிம்சோல் நடத்திய இயக்கத்தின் பயனாகவே 1876ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டம் பாரக்கோட்டைக் கட்டாயமாக்கியது. 1930இலும் 1966இலும் ஏற்பட்ட உடன்படிக்கைகள் அக்கோட்டைச் சர்வதேச நியமமாக்கின. வணிகர் தம் நலனுக்காக ஏற்படுத்திய சான்று, மக்கள் இயக்கத்தாலும் சட்டத்தாலும் பொதுநலக் கருவியாக மாற்றப்பட்டமையை இங்குக் காண்கின்றோம்.

இம்மாற்றமும் முழுமை பெற்றதெனக் கூறமுடியாது. 1999 திசெம்பரில் பிரான்சின் பிறிற்றனிக் கரைக்கு அப்பால் உடைந்த எரிக்கா என்னும் எண்ணெய்க் கப்பல் இத்தாலிய வகைப்படுத்தல் நிறுவனத்தின் சான்று பெற்றிருந்தது. சான்றளித்த நிறுவனத்தின் பொறுப்பைப் பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்தபோது கப்பல் உடைந்து ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. அத்தகைய நெடிய வழக்கை நடத்தும் பொருள்வளம் எல்லா நாடுகளுக்கும் இல்லை. ஆகவேதான் துறைமுக அரசுகள், வருகின்ற கப்பல்களின் சான்றிதழ்களைத் தாமே ஏறிப் பார்த்துச் சரிபிழை காணும் முறையை வகுத்துக்கொண்டன. ஐரோப்பாவில் 1982இல் பாரிசில் ஏற்பட்ட உடன்பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு 1998இல் இந்து சமுத்திர நாடுகளுக்கான உடன்பாடு உருவாயிற்று. இலங்கையும் அதன் உறுப்புநாடாகும். ஒரு துறைமுகத்தில் குறைபாடு காணப்பட்ட கப்பலைப் பற்றிய செய்தி ஏனைய துறைமுகங்களுக்கும் கிட்டுகின்றது. தனித்து நின்றால் வலுக்குறைந்த அதிகாரிகள், தகவலைப் பகிர்வதனால் வலுப்பெறுகின்றனர். ஏனைய பொருள்களுக்கும் இப்படிப்பினை பொருந்தும்.

கோதுமை: விலைக்குக் கிடைத்த சான்று

சிங்கப்பூர்ப் பிறிமா நிறுவனத்துடன் 1977இல் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி சீனக்குடாவில் எழுந்த மாவாலை 1980இல் இயங்கத் தொடங்கியது. அரசு கோதுமையை வழங்க, ஆலை அதனை மாவாக்கி அரசிடம் ஒப்படைப்பது தொடக்ககால ஏற்பாடாக இருந்தது. இலங்கையில் விளையாத இத்தானியம் முற்றாகக் கடல்வழியே வரவேண்டியிருந்தமையால், அதன் தரத்தையும் நிறையையும் பற்றிய முதற் சாட்சியம் ஏற்றுமதித் துறைமுகத்து ஆய்வாளர் வழங்கிய பத்திரமேயாகும்.

அப்பத்திரம் எத்தகையது என்பதனை மாவாலை திறக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே உலகம் அறிந்திருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் துறைமுகத்தை மையமாகக் கொண்டு 1975இல் தானியப் பரிசோதனை ஊழல் வெளியாயிற்று. அங்கு ஆய்வாளர்கள் அரசின் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களாயினும் தனியார் முகவர் நிலையங்களிலும் வணிகச் சபைகளிலும் ஊதியம் பெற்றனர். கையூட்டுப் பெற்றுத் தரம் உயர்த்திக் காட்டப்பட்டது. நிறையிலும் மோசடி நிகழ்ந்தது. வெளிநாட்டுக் கொள்வனவாளரின் முறைப்பாடுகளும் நீதிமன்ற வழக்குகளும் சேர்ந்து 1976இல் புதிய சட்டத்துக்கு வழிகோலின. அச்சட்டத்தின்கீழ்க் கூட்டாட்சி அரசின் தானியப் பரிசோதனைச் சேவை நிறுவப்பட்டது. பொதுச் சட்டம் 480இன் கீழ் அமெரிக்கக் கோதுமையும் மாவும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. முன்னேறிய நாட்டின் சான்றிதழாதலால் அது மாசற்றதாயிருக்கும் என்னும் நம்பிக்கைக்கு அடிப்படையில்லை. சான்றளிப்பவருக்கு ஊதியம் எங்கிருந்து வருகின்றது என்னும் வினா எந்நாட்டிலும் எழுப்பப்படவேண்டியது. அதேவேளை, அவ்வூழல் திருத்தப்பட்டமைக்குக் கொள்வனவு செய்த நாடுகளின் முறைப்பாடுகளும் ஒரு காரணமாயின. வந்திறங்கிய தானியத்தை அளந்தும் ஆய்ந்தும் பார்த்தவர்களால் மட்டுமே அவ்வாறு முறையிட முடிந்தது. வாளாவிருந்து பெற்றுக்கொண்டவர்களுக்கு முறையிடுவதற்கான ஆதாரமே இருந்திராது.

சீமெந்து: இருபத்தெட்டு நாட்கள்

பிறநாட்டுச் சான்றிதழை முற்றாக ஒதுக்கிவிட்டு எல்லாப் பொருள்களையும் நாமே பரிசோதிக்கலாமே என ஒருவர் வினவலாம். அது இயலாது என்பதைச் சீனக்குடாவின் மற்றொரு தொழிற்சாலையைக் கொண்டு விளக்கலாம். யப்பானின் மிட்சுயி சுரங்க நிறுவனத்தின் கூட்டுடன் 1982இல் அமைந்த டோக்கியோ சீமெந்து நிறுவனம் அங்கு 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. கடல்வழி வரும் கிளிங்கரை அரைத்துச் சீமெந்தாக்குவதே அத்தொழிற்சாலையின் பணி.

சீமெந்தின் நுண்மையையும் இறுகும் நேரத்தையும் விரைவில் அறியலாம். அதன் அமுக்க வலுவை முழுமையாக அறிவதற்கோ, சாந்துக் கட்டிகளை வார்த்து இருபத்தெட்டு நாட்கள் காத்திருக்க வேண்டும். ஒரு கப்பல் துறைமுகத்தில் இருபத்தெட்டு நாட்கள் காத்துநிற்பின் அதன் தாமதக் கட்டணம் ஈற்றில் வீடு கட்டும் ஏழையின் தலையிலேயே விழும். எனவே பொதியிடப்பட்ட சீமெந்து இறக்குமதியாகும்போது உற்பத்தி நாட்டில் ஏற்கெனவே செய்யப்பட்ட பரிசோதனையின் அறிக்கையை ஏற்பது தவிர்க்கவொண்ணாதது.

ஆனால் அவ்வறிக்கை கூறாத ஒன்றும் உண்டு. தொழிற்சாலை வாயிலில் நல்ல வலுவுடனிருந்த சீமெந்து, கடற்பயணத்தில் ஈரம் பட்டுக் கட்டிபடலாம்; பண்டகசாலையில் நெடுநாட் கிடந்து வலுவிழக்கலாம். சான்றிதழ் பரிசோதிக்கப்பட்ட நாளின் நிலையையே கூறும். வந்து சேர்ந்த நாளின் நிலையைக் கூறாது. ஆகவே அறிவுடைய அதிகாரி தம் உழைப்பை இவ்வாறு பங்கிடுவார்: நெடுங்காலம் எடுக்கும் பரிசோதனைக்குப் பிறநாட்டு அறிக்கையைக் கொள்வார், வழியில் மாறக்கூடிய பண்புகளைத் தம் ஆய்வுகூடத்திற் பார்ப்பார், சந்தேகத்துக்குரிய தொகுதியிலிருந்து மாதிரி எடுத்து முழுப் பரிசோதனையையும் செய்து, அதன் முடிவை அடுத்த கப்பலுக்கான எச்சரிக்கையாகக் கொள்வார்.

சட்டமும் பரஸ்பர அங்கீகாரமும்

இலங்கையில் இதற்கான நிறுவன அமைப்பு படிப்படியாக உருவாயிற்று. 1964ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கட்டளைகள் பணியகம், 1984ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைக் கட்டளைகள் நிறுவனமாயிற்று. 1980இல் உணவுச் சட்டமும் 2003இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் வந்தன. பரிசோதிப்பவரையே மதிப்பிடும் பொறுப்பு 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின் வழி இலங்கைத் தராதர அங்கீகாரச் சபைக்கு அளிக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் ஒழுங்குவிதிகளின்படி குறிப்பிட்ட பொருள்கள் இறக்குமதியாகும்போது கட்டளைகள் நிறுவனம் அவற்றை ஆராய்கின்றது. ஏற்றுக்கொள்ளப்பட்ட வெளிநாட்டு ஆய்வுகூடத்தின் அல்லது தேசியத் தர நிறுவனத்தின் சான்று இருப்பின் அதனை ஆதாரமாகக் கொள்கின்றது. இல்லையேல் மாதிரி எடுத்துச் சோதிக்கின்றது.

உலக வணிக நிறுவனத்தின் தொழில்நுட்பத் தடைகள் பற்றிய 1995ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இவ்வழியையே சுட்டுகின்றது. பிற உறுப்புநாடுகளின் பரிசோதனை முடிவுகளை இயன்றவரை ஏற்கவேண்டும் என அதன் ஆறாம் உறுப்புரை கூறுகின்றது. எனினும் அம்முடிவுகளை வழங்கியோரின் தொழில்நுட்பத் தகைமை போதியதும் நிலைத்ததுமாக இருக்கவேண்டும் என்னும் நிபந்தனையும் அங்கேயே உண்டு. வளர்முக நாடுகளின் அதிகாரிகள் முதற்பகுதியைக் கடமையாகவும் இரண்டாம் பகுதியை உரிமையாகவும் வாசித்தல் வேண்டும். இரண்டாம் பகுதியை வாசியாது விடுவோர் தம் உரிமையைத் தாமே கைவிட்டவராவர்.

தகைமையை அறிவதற்கான கருவியும் இன்று உண்டு. ஆய்வுகூடங்களின் தகைமைக்கான ஐ.எஸ்.ஓ. 17025 என்னும் நியமத்தின் அடிப்படையில், தேசிய அங்கீகாரச் சபைகள் ஒன்றையொன்று மதிப்பிட்டு ஏற்கும் சர்வதேச ஏற்பாடு 2000ஆம் ஆண்டில் கைச்சாத்தாயிற்று. மின்சாதனங்களைப் பொறுத்தவரை, ஓர் உறுப்பு நிறுவனத்தின் பரிசோதனை அறிக்கையை ஏனைய நாட்டு உறுப்பு நிறுவனங்கள் ஏற்கும் முறையைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு நடத்துகின்றது. ஒவ்வொரு நாடும் தன் தனித்தேவைகளை முன்கூட்டியே அறிவிக்க அம்முறை இடமளிக்கின்றது. எடுத்துக்காட்டாக, சாதனத்தின் மின்காப்புப் பாதுகாப்பைச் சர்வதேச அறிக்கை கூறலாம். இலங்கை வீடுகளின் சுவரிலுள்ள 13 அம்பியர் செருகிக்கு அது பொருந்துமா என்பதை இலங்கையே கேட்டாகவேண்டும். கேட்கப்படாத வினாவுக்குச் சான்றிதழ் விடை தருவதில்லை.

மீன்: சான்றளிப்பவராக நாம்

இதுவரை நாம் சான்றிதழைப் பெறுபவரின் நிலையினின்று நோக்கினோம். மீன் ஏற்றுமதியில் நிலைமை தலைகீழாகின்றது. 2010 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதியின்படி, பிடிபட்ட மீன் சட்டபூர்வமாகப் பிடிக்கப்பட்டது எனக் கலத்தின் கொடிநாடே சான்றளிக்க வேண்டும். அவ்விடத்தில் பிறநாட்டார் நமது சான்றை வினவுகின்றனர்.

2012 நவம்பரில் இலங்கைக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆழ்கடற் கலங்களைக் கண்காணிக்கும் முறையும் குற்றத்தைத் தடுக்கவல்ல தண்டனையும் போதா என்பது முக்கிய குற்றச்சாட்டு. 2013இல் ஐரோப்பாவுக்கு 7 கோடியே 40 இலட்சம் யூரோ பெறுமதியான மீனை அனுப்பிய நாடு, 2015 சனவரியில் தடைக்குள்ளாயிற்று. சட்டம் திருத்தப்பட்டு, அபராதம் உயர்த்தப்பட்டு, கலங்களுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்ட பின்னர் 2016 சூனில் தடை நீங்கிற்று.

இடைப்பட்ட காலத்தில் சுமையைத் தாங்கியவர் யார்? எச்சரிக்கைக்கு உரிய காலத்தில் விடையளிக்கும் பொறுப்பு அலுவலகங்களுக்கு உரியது. நல்ல மீன் இழிந்த விலைக்குப் போனால் அதன் இழப்போ கலத்தில் வலை வளைத்தவனின் பங்குக் கூலியிலேயே முதலில் தெரியும். பிறர் சான்றை வினவத் தெரியாத நிறுவனம், தன் சான்றைப் பிறர் வினவும்போதும் விடையிறுக்க மாட்டாது. இரண்டும் ஒரே ஆற்றலின் இரு பக்கங்கள்.

பெற்றோல்: மறுக்கும் வலு

2017 ஒக்டோபரில் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்காகத் தோர்ம் அஸ்ட்ரிட் என்னும் கப்பலில் வந்த பெற்றோல், உள்நாட்டுத் தரப்பரிசோதனையின்பின் நிராகரிக்கப்பட்டது. அக்கப்பல் பின்னர் திருகோணமலையில் நங்கூரமிட்டது. எண்ணெய் அங்கு இறக்கப்படலாம் என்னும் ஐயத்தால் பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. கையிருப்புக் குறைந்திருந்தமையால் நவம்பர் முதல் வாரத்தில் நாடெங்கும் எரிபொருள் நிலையங்களின் முன் நீண்ட வரிசைகள் தோன்றின. தரமற்றதெனக் கண்டதை நிராகரித்த அதிகாரிகளே தட்டுப்பாட்டுக்குக் காரணர் என்பதுபோன்ற பேச்சும் எழுந்தது.

எண்ணெய் வணிகத்தில் ஏற்றும் துறைமுகத்தில் பரிசோதனை, முத்திரையிட்டுப் பாதுகாக்கப்படும் மாதிரி, இறக்கும் துறைமுகத்தில் மறுபரிசோதனை, பிணக்கு ஏற்படின் மூன்றாந் தரப்பு ஆய்வுகூடத்தின் முடிவு என்னும் ஒழுங்குகள் உள்ளன. இவை நல்ல ஒழுங்குகளே. ஆயின் பிணக்குத் தீரும்வரை நாடு காத்திருக்க முடியுமா என்பதே 2017 எழுப்பிய வினா. சில நாட்களுக்கே போதுமான எண்ணெயை வைத்திருக்கும் நாட்டுக்கு, ஆய்வுகூடம் எத்துணைச் சிறந்ததாயினும், மறுக்கும் உரிமை ஏட்டளவிலேயே இருக்கும்.

இவ்விடத்தில் திருகோணமலையின் மற்றொரு காட்சி நம் சிந்தனைக்கு வருகின்றது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிப் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் 99 அங்கு எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடியது. அவற்றுட் பெரும்பாலானவை பல தசாப்தங்களாகக் காட்டிடையே பயன்பாடின்றிக் கிடந்தன. 2022 சனவரி உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரு தரப்பினரின் கூட்டு நிறுவனத்துக்கும் என வகுக்கப்பட்டன. இத்தாங்கிகளைப் பற்றிய விவாதம் எப்போதும் இராணுவ முக்கியத்துவம், அயல்நாட்டுச் செல்வாக்கு என்னும் சொற்களிலேயே நடைபெறுகின்றது. அவை தரக்கட்டுப்பாட்டின் கருவியுமாகும் என நாம் கூற விரும்புகின்றோம். நிறைந்த தாங்கியே ஓர் அதிகாரி தரமற்ற எண்ணெயைத் திருப்பியனுப்பத் துணைநிற்பது.

செய்யவேண்டியவை

மேற்கண்ட நிகழ்வுகளினின்று சில முடிவுகள் பெறப்படுகின்றன. பிறநாட்டுச் சான்றிதழ் கைக்கு வரும்போது ஐந்து வினாக்கள் எழுப்பப்படல் வேண்டும். பரிசோதித்த ஆய்வுகூடத்தை அங்கீகரித்தவர் யார்? அவ்வங்கீகாரம் இக்குறிப்பிட்ட பரிசோதனையையும் உள்ளடக்குகின்றதா? மாதிரி இக்கப்பற்பொருளிலிருந்து எடுக்கப்பட்டதா, அன்றி என்றோ ஒருநாள் தொழிற்சாலை தெரிந்தெடுத்துக் கொடுத்ததா? எந்த நியமத்தின்படி சோதிக்கப்பட்டது, அந்நியமம் நமது காலநிலைக்கும் பாவனைக்கும் ஏற்றதா? சான்றிதழ் மெய்யானதே என வழங்கியவரிடமே கேட்டு உறுதிசெய்யப்பட்டதா? இவ்வினாக்களுக்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற அலுவலர் வேண்டும்.

இவ்வினாக்களால் மிச்சமாகும் நேரமும் பணமும், ஆபத்து மிகுந்த பொருள்களை நம் ஆய்வுகூடங்களிற் சோதிப்பதற்கும், கடைகளில் விற்பனையாகும் பொருள்களை வாங்கிச் சோதிப்பதற்கும் செலவிடப்படல் வேண்டும். காணப்பட்ட குறைகள் சான்றளித்த நிறுவனத்துக்கும் அதனை அங்கீகரித்த சபைக்கும் எழுத்தில் அறிவிக்கப்படல் வேண்டும். முறைப்பாடு செய்யாத நாட்டுக்கு வரும் பொருள் காலப்போக்கிற் கவனக்குறைவாகவே அனுப்பப்படும். கப்பற் பரிசோதனையிற் செய்வதுபோல், ஒத்த நிலையிலுள்ள அயல்நாடுகளோடு முடிவுகளைப் பகிர்ந்துகொள்ளலும் பயன்தரும்.

இறுதியாக ஒன்று. சான்றிதழ்களும் பரிசோதனை முடிவுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு அலுவலகக் கோவைகளில் உறங்குகின்றன. மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு பொதி சீமெந்து வாங்குபவருக்கு அதன்மீதுள்ள முத்திரை எதைக் கூறுகின்றது, எதைக் கூறவில்லை என்பது தெரியாது. நிராகரிக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் தமிழிலும் சிங்களத்திலும் ஒழுங்காக வெளியிடப்படின், பொதுமக்கள், தொழிற்சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியோர் கண்காணிப்பிற் பங்குகொள்ள இயலும். பிளிம்சோலின் கோடு கப்பலின் புறத்தே, எவரும் பார்க்கக்கூடிய இடத்தில் வரையப்பட்டமையாலேயே துறைமுகத் தொழிலாளியும் அதனைப் படிக்க முடிந்தது. நமது கட்டுப்பாட்டு நிறுவனங்களும் தம் முடிவுகளை அவ்வாறே மக்கள் காணத்தக்க இடத்தில் வைத்தல் வேண்டும்.